மணியோசைக்குப் பற்றிக்கொண்ட ஆயிரம் நியூரோன்கள்

மூளையின் பகுதிகள் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றின் செய்தி பொதுமேடை ஏறி எல்லாப் பகுதிகளுக்கும் போய்ச் சேரும்போதுதான் அது பிரக்ஞைக்கு வருகிறது. உளவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் 1988இல் எழுதியது இது. இதைத்தான் திருகோணமலை உப்புவெளியில், வீட்டிலுள்ள பழைய லப்டொப்பில் கட்டிப் பார்க்கிறேன்.

நியூரோனுக்கு, அதாவது மூளையின் நரம்புக் கலத்துக்கு, நரம்பியல் ஆய்வாளர் இஸிகேவிச்சின் 2003ஆம் ஆண்டு மொடல். இரண்டே சமன்பாடு: மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டைத் தொட்டால் ஒரு துடிப்பு, உடனே -65க்கு இறக்கம். 1952இன் ஹொட்ஜ்கின்-ஹக்ஸ்லி சமன்பாடுகள் உண்மை நியூரோனுக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் என் லப்டொப் தாங்காது. இஸிகேவிச்சைப் போலவே 800 தூண்டும் நியூரோன், 200 அடக்கும் நியூரோன்.

உள்ளீடு ஜன்னலோர மைக். காகத்துக்கு ஒரு குழு, ஓட்டோ ஹோர்னுக்கு ஒன்று, கோயில் மணிக்கு ஒன்று. மூன்றுக்கும் மேடையில் போட்டி.

பதிவுசெய்த மணியோசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மணிக் குழு மட்டும் துடித்தது. மேடையில் அசைவே இல்லை. இன்னும் ஒரு துளி கூட்டியதும் திரையில் புள்ளிகள் (ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு) குப்பென்று அடர்ந்தன. ஓசை நின்ற பிறகும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் கத்திய காகத்துக்கு இடமே கிடைக்கவில்லை. நரம்பியலாளர்கள் டெஹானும் ஷான்ஷூவும் மனித மூளையில் எதிர்பார்த்த திடீர்ப் பற்றல் இப்படித்தான். மேடையிலிருந்து குழுக்களுக்குத் திரும்பும் இணைப்புகளை வெட்டிப் பார்த்தேன்: துடிப்பு ஓசைக்கேற்பப் படிப்படியாய் ஏறியது, ஓசையோடே அடங்கியது. ஆக, வித்தை முழுக்க அந்தத் திரும்பும் இணைப்புகளில்தான்.

பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு உண்மையா மணிச்சத்தம் கேக்குதோ?" என்றான். தகவல் ஒருங்கிணைவதே பிரக்ஞை என்னும் நரம்பியலாளர் டொனோனியின் கோட்பாட்டைக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். சாதாரண கொம்பியூட்டரில் எதை ஓட்டினாலும் சரி, அங்கே கணக்கில் எடுப்பது ஓடும் மென்பொருளை அல்ல, சிப்பின் காரண-காரிய அமைப்பை. பார்ஸ் பக்கத்தார் செயலைப் பார்ப்பார்கள். கணினி விஞ்ஞானி ஸ்டான் பிராங்க்ளின் பார்ஸின் கோட்பாட்டில் அமெரிக்கக் கடற்படைக்கு, மாலுமிகளுக்கு அடுத்த பணியிடம் தேடித் தரும் ஐடா என்ற மென்பொருளைக் கட்டினார். அவரே கோரியது செயலளவிலான பிரக்ஞையை மட்டும், அதற்கு உள்ளே உணர்வு உண்டு என்றல்ல. (நேவி ஊர்க்காரனுக்கு இதில் தனி ருசி.) என்னுடையது அவ்வளவுக்குக்கூட இல்லை, மேடையில் இருப்பது மணி என்று அதற்கே சொல்லத் தெரியாது.

அதனால் அடுத்து நரம்பியலாளர் கிரேசியானோவின் யோசனை: மேடையை இப்போது எந்தக் குழு பிடித்திருக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் இன்னொரு சிறு குழு. இப்போதே ஒரு நிமிட ஓசையை ஓட்டித் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. முதலில் இன்னும் வேகமான லப்டொப் வேண்டும்.