ஈஸி சேரின் பள்ளம்: எட்டாவது தாள்

அப்பாவுடைய ஈஸி சேரை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, எட்டாவது தாளில் பள்ளம் விழுந்துவிட்டது. ஏழு தாள்களைக் காவு கொடுத்த பிறகு. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

அப்பா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. முகத்தை வரைய நான் முயலவே இல்லை. சாயல் தப்பினால் தாங்காது. பாளையங்கோட்டை வீட்டுத் தார்சாவில் கிடக்கிற அவருடைய ஈஸி சேர்தான் படம். நீலப் பட்டை போட்ட துணி. அப்பா எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்த இடம் பள்ளமாகவே இருக்கும். பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அந்தத் துணியை உருவி, சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள். காய்ந்ததும் துணி இறுகி, பலகை மாதிரி நின்றது. எனக்குக் கோபம்தான், ஆனால் அவளிடம் என்னவென்று சொல்ல? மிச்சம் இருப்பது போனில் ஒரே ஒரு போட்டோ. அதுவும் நாற்காலிக்கு எடுத்ததில்லை, அதில் ஏறிப் படுத்த பூனைக்கு எடுத்தது.

நாற்காலிச் சட்டம், தரை, சுவர் எல்லாம் ஒரு பொழுதில் முடிகிற வேலை. துணியில்தான் மாட்டிக்கொண்டேன். பட்டைகள் மேல் கம்பிலிருந்து நேராக இறங்கி, இடுப்பு இருந்த இடத்தில் ஒன்றையொன்று நெருங்கி, கீழ்க் கம்புக்கு வரும்போது மறுபடி விலக வேண்டும். நேராகவே விட்டால் கடையில் கிடக்கிற புது நாற்காலி. அதையாவது பென்சிலில் சரிபண்ணலாம். நிழலை எப்படிச் சரிபண்ணுவது? ஓரம் தெரியாமல் கரைந்து போகிற நிழல் வேண்டும். ஓரம் தெரிந்தால் பள்ளமாகத் தெரியாது, யாரோ காப்பியைக் கொட்டின கறையாகத் தெரியும்.

ஈரத்தின் மேல் ஈரம் போட்டால் கரையும், சரி. நம்மூர் வெயிலில் ஈரம் எங்கே நிற்கிறது? அடுத்த தூரிகையைத் தொட்டு வருவதற்குள் தாள் பாதி காய்ந்திருக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் வண்ணம் பூப்பூவாக ஒதுங்கிக் கறையாகிவிடும், அதுதான் காலிஃபிளவர். முதல் நான்கு தாளும் காலிஃபிளவர்த் தோட்டம்தான். ஐந்தாவதில் நிழல் நன்றாக வந்தது. ஆனால் பட்டைகளை முன்னாலேயே போட்டிருந்தேன். அல்ட்ராமரீன் கரைந்து பள்ளம் முழுக்க நீலம். நிழல் முதலில், முழுசாகக் காய்ந்த பிறகு பட்டை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு தாள் செலவு. ஆறாவதில் தண்ணீரில் கிளிசரின் விட்டேன். மெடிக்கல் கடையில் கிடைப்பதுதான். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு சொட்டு போதும். நான் தாராளமாக விட்டு, மறுநாள் வரை படம் பிசுபிசுவென்று இருந்தது. ஏழாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எட்டாவதுக்குத் தாளை இரண்டு பக்கமும் ஊறவைத்துக் கண்ணாடி மேல் ஒட்டினாற்போலப் படுக்கவைத்தேன். அடியில் ஈரம் இருப்பதால் மேலே சீக்கிரம் காயாது. நாலு மணிக்கு எழுந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை தாளில் சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போட்டேன். கறுப்பு டியூபைத் தொடவில்லை. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறம். அல்ட்ராமரீன் பொடி தாளின் சொரசொரப்பில் குழிகுழியாகத் தங்கும். அதுவே நூல் துணி மாதிரி தெரிந்தது. அதை நான் திட்டமிடவில்லை, தானாக வந்தது.

தாளைப் பற்றி ஒரு புலம்பல். முழுப் பருத்தியில், 300 ஜிஎஸ்எம் கனத்தில் தாள் கேட்டால், இங்கே கடையிலெல்லாம் பள்ளிக்கூட டிராயிங் தாளைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். தபாலில் வரவழைத்தால் நாலு மூலையும் மடங்கி வருகிறது. 22க்கு 30 அங்குல முழுத் தாளை நாலாக வெட்டிக்கொள்கிறேன். ஏழு துண்டு வீணாய்ப் போனது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கை நினைத்துக்கொள்வேன். அவருடைய அக்கா 1877இல் காசநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 15. அந்த நோய்ப் படுக்கையை 1885இல் வரைய ஆரம்பித்தார். போட்ட வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி போட்டார். அதே காட்சியை நாற்பது வருஷத்தில் ஆறு தடவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். நான் பதினான்கு மாதத்தில் எட்டு. அவசரக்காரன்.

அடுத்து குறுக்குத்துறை கல் மண்டபம். அப்பாவைக் கரைத்த இடம். ஆற்றில் தண்ணீர் ஏறி, தூண்கள் பாதி முங்கி நிற்கிற நேரத்தில் வரைய ஆசை. அதற்கு ஐப்பசி வர வேண்டும். தூணின் பிம்பத்துக்கு இப்போதே ஒரு நோட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவதை இன்னும் முடிக்கவில்லை. நாற்காலிக் கால்கள் பென்சிலில்தான் நிற்கின்றன. காரணம் அம்மா. காய்ந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏய்யா, இது எப்பத்திய அப்பா? கடைசில அவுகளுக்கு இவ்வளவு கனம் ஏது?"

நான் வாயே திறக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் நிறுத்தபோது 44 கிலோ. போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பூனைக்கடியில் துணி லேசாகத்தான் தொய்ந்திருக்கிறது. நான் போட்டிருப்பது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டவருடைய பள்ளம்.

ஒன்பதாவது போட வேண்டும். லேசான தொய்வு, அதனால் நிழல் இன்னும் வெளிறி, சாம்பலில் தண்ணீர் இன்னும் கூட. ஆழமான பள்ளத்தைவிட இது கஷ்டம். கொஞ்சம் தப்பினாலும் அழுக்கு மாதிரி ஆகிவிடும். இரண்டு துண்டுத் தாள் மிச்சம் இருக்கிறது. ஆடிக் காற்று வேறு சன்னல் வழியாக மண்ணை அள்ளிப் போடுகிறது, அது அடங்கட்டும். அதுவரைக்கும் எட்டாவதுக்குக் கால் போட்டு வைக்கலாம்.