பதில் வராத கால் மணி நேரம்

மாட்டுத்தாவணியில் ஆறு மணிக்கு நிற்கிறேன் என்ற அண்ணன் ஆறே காலுக்கும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பஸ் லேட்டா, சார்ஜ் இறங்கிவிட்டதா என்று நமக்கு நாலு காரணம் தோன்றும். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளிக்கும், கைவிடப்படுவோமோ என்ற பயம் வாட்டும் மனநலப் பிரச்சினை) உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒன்றே முந்திக்கொண்டு வரும்: ‘என்னைக் கைவிட்டுட்டாங்க.’ உடனே நம்பரை பிளாக் செய்வார். இல்லை, விடாமல் போன் அடித்துக்கொண்டே இருப்பார்.

இதைத் திமிர் என்பது அநியாயம். என்னவென்று தெரியாமல் காத்திருப்பதே அவருக்கு வலி. தப்பான முடிவானாலும் எடுத்துவிட்டால் அந்த நிமிடத்துக்கு வலி அடங்குகிறது. அவசரம் அதிலிருந்துதான் வருகிறது.

விளைவு தெரியாதபோது எப்படி முடிவெடுக்கிறோம் என்று பார்க்க 1994-ல் வந்த அயோவா சூதாட்டச் சோதனையில் நாலு சீட்டுக்கட்டு; நூறு முறை எடுக்க வேண்டும். எது நல்ல கட்டு என்று சொல்லமாட்டார்கள். இரண்டு கட்டில் சீட்டுக்கு 100 டாலர் விளையாட்டுப் பணம் கிடைக்கும், ஆனால் பத்துச் சீட்டுக்குள் 1,250 போய்விடும். மற்ற இரண்டில் 50தான். பத்துக்கு 250 மட்டுமே போகும். போகப்போகப் பலரும் 50-க்கு மாறிவிடுவார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்கள் நஷ்டக் கட்டை அதிகம் எடுத்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை. அறிவுக் குறைவு என்று இதை வைத்து யாரும் முடிவுகட்டக் கூடாது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற, உணர்ச்சிக் கொந்தளிப்பைச் சமாளிக்கப் பழக்கும் பேச்சு சிகிச்சையில் முதலில் உடம்பைத் தணிக்கிறார்கள். வாளியில் குளிர்ந்த தண்ணீர். மூச்சை அடக்கி, முகத்தை முப்பது விநாடி வரை அமிழ்த்தினால் இதயத்துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அதன்பிறகு நாலு கட்டத் தாள்: இப்போதே செய்தால் நன்மை, தீமை, செய்யாமல் பொறுத்தால் நன்மை, தீமை. பலர் தவறுவது இங்கேதான். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுத உட்கார்ந்தால் ‘பொறுத்தால் நன்மை’ கட்டம் காலியாகவே கிடக்கும். மனம் அமைதியாக உள்ள நாளில் எழுதி, பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் எடுத்துப் படித்தால் போதும்.

வீட்டார் ‘சீக்கிரம் வந்துர்றேன்’ என்று சொல்லாதீர்கள். ‘மேலூர் தாண்டிட்டேன், ஏழு மணிக்கு வந்துருவேன், லேட்டானா மெசேஜ் போடுறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி போட்டும் விடுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாளைத் தேடவே வேண்டாம்: அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணமில்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.