சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸும் அம்மிச்சியின் வெள்ளைச் சேலையும்

சாஃப்ட் ஃபோகஸ் என்றால் மங்கலான படம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய கேனான் 135 எம்.எம். எஃப்/2.8 சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸை வாங்கி, கோபி பக்கம் எங்கள் ஊரில் மூன்று ஞாயிறு எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

1987-இல் வந்த லென்ஸ். 0, 1, 2 என்று ஒரு வளையம் உண்டு. 0-வில் சாதாரண லென்ஸ் போலக் கூர்மையாக எடுக்கும். வளையத்தைத் திருப்பினால், கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழைபவையும் ஒரே இடத்தில் குவியாது. கூர்மையான படம் அடியில் இருக்கும். அதன்மேல் வெளிச்சம் பனி மாதிரி படரும். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, சுருக்கச் சுருக்க (எஃப் எண் கூடக் கூட) அந்தப் பனி விலகி, எஃப்/5.6-இல் ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

முதல் ஞாயிறு வீண். உச்சி வெயிலில் அம்மிச்சியை (அம்மாவின் அம்மா) திண்ணையில் உட்கார வைத்து, 2-இல், எஃப்/2.8-இல் எடுத்தேன். வெள்ளைச் சேலை வெளிறிப்போய், அந்த ஒளி தாடை வரைக்கும் வழிந்துவிட்டது. கண்ணும் தெளிவில்லை. 0-வில் ஃபோகஸ் பிடித்துவிட்டு வளையத்தைத் திருப்பியது என் தப்பு. திருப்பினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். இப்போதெல்லாம் முதலில் வளையம், அப்புறம் ஃபோகஸ். எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே வைத்து, திரையில் பெரிதாக்கி, கண்மணியில் மின்னும் புள்ளி தெளியும்வரை மெல்லத் திருப்புகிறேன்.

அடுத்த வாரம் காலை ஏழு மணி. பின்னால் இருட்டான ஆசாரம் (வீட்டுக் கூடம்), பக்கவாட்டில் இளவெயில். வளையம் 1, எஃப்/3.5, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) கொஞ்சம் குறைத்தேன். காதோரம் பிரிந்து நின்ற நாலைந்து நரைமுடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளி கட்டியிருந்தது. இருட்டு பக்கத்தில் இருந்தால்தான் இந்த லென்ஸ் பேசுகிறது. அம்மிச்சியிடம் காட்டினேன். "சுருக்கத்தையெல்லாம் எங்க கண்ணு கொண்டுபோய் வெச்சே?" என்றார். எஃப்/4.5-இல் எடுத்ததைக் காட்டினேன். நெற்றிக் கோடுகள் திரும்ப வந்திருந்தன. அதைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதுதான் பிடித்தது.

மூன்றாவது ஞாயிறு தடப்பள்ளி வாய்க்கால் கரையில் தங்கச்சி. தண்ணீரில் மினுங்கிய வெயில் முகத்தைவிடக் கண்ணை இழுத்தது. பின்னணியில் அவ்வளவு மினுக்கம் ஆகாது.

அடுத்து சென்னிமலையில் மாமாவைத் தறியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும். கிழக்கே ஒரே ஜன்னல். காலையில் வெளிச்சம் பாவு நூல்மேல் நேராக விழும்.