பரங்கிமலைப் படிகளில் அம்மாவோடு

சென்னையில் இருக்கும் பரங்கிமலைக்குப் போகிறவர்கள், உடம்பு இடம் கொடுத்தால், படி வழியாகவே ஏறுங்கள். மேலே மாதா கோயில் வரைக்கும் வண்டி போகிற சாலை இருக்கிறது, வயதானவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் கல் படிகளில் இயேசு சிலுவை சுமந்த வழியை நினைக்க வைக்கும் ஒவ்வொரு சிலுவைப்பாதை நிலையாக நின்று ஜெபித்து ஏறும்போது மனசு பேச ஆரம்பிக்கிறது, அது வண்டியில் போனால் கிடைக்காது.

அம்மாவுக்கு முட்டி வலி. "வண்டியிலயே போயிடலாம்மா" என்று கீழேயே சொல்லிப் பார்த்தேன். "நான் நேர்ந்துக்கிட்டது படிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்.

நேர்ச்சை தம்பிக்காக. அவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான். 2023 நவம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்களே, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூக்கம் குறைந்துவிட்டது. நிறைய கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனை வரை போய்ச் சுற்றி வந்தன, பயணமே பத்து நாள் போல நீண்டது. தம்பியிடம் எந்த வழி என்று கேட்டால் "எல்லாம் நல்ல வழிதான்க்கா" என்பான், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

எங்களுக்குச் சைதாப்பேட்டை. மறைமலையடிகள் பாலத்தில் அடையாற்றைத் தாண்டித்தான் மலைக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் 1726-இல் முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சொந்தப் பணம். இந்த மலைப் படிகளும் அவர் கொடுத்ததுதான். எங்கிருந்தோ சென்னைக்கு வியாபாரம் செய்ய வந்த ஒரு மனுஷன், நம் ஊர் ஜனங்கள் கால் நோகாமல் மாதாவைப் பார்க்கப் போகட்டும் என்று ஆற்றுக்கும் மலைக்கும் வழி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடவுள் நம்மைக் காக்கிறார் என்பதற்கு நான் காட்டக்கூடிய முதல் சாட்சி இந்தப் படிகள். நாம் பிறப்பதற்கு முன்னாலேயே யாரையோ எழுப்பி நமக்கு வேண்டியதைச் செய்து வைக்கிறார்.

பாலம் தாண்டியதும் சின்னமலை. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் பகைவர்களிடமிருந்து ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை அங்கேதான் இருக்கிறது. தாகத்தோடு வந்த ஜனங்களுக்காக அவர் பாறையில் நீர் வரவழைத்ததாகச் சொல்லும் ஊற்றும் அங்கே உண்டு. அங்கிருந்து தப்பித்துத்தான் அவர் பரங்கிமலைக்கு வந்தாராம். வந்த இடத்தில், சிலுவைக்கு முன் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்திக் கொன்றார்கள், கி.பி. 72-இல் என்பது மரபு.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்குப் படியில் ஏறும்போது அது என்னை விடவே இல்லை. சின்னமலையில் காப்பாற்றிய ஆண்டவர், சில மைல் தள்ளிப் பரங்கிமலையில் ஏன் காப்பாற்றவில்லை?

சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி தோமையாருக்காக மட்டும் வந்ததில்லை. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் ஒரு சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கி மூன்று மாலுமிகள் இறந்துபோனார்கள். அவர்களில் இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கத்தோலிக்கர்கள் நிறைந்த நாடு அது, நம் வீடு மாதிரியே அங்கேயும் ஒரு அம்மா தினம் ஜெபமாலை சொல்லியிருப்பார் இல்லையா? அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது எங்களிடம் லேசாகச் சொன்னால் எனக்குத் தாங்காது.

இயேசு மூன்றாம் முறை விழுகிற நிலைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றபோது அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "நீ இவ்வளவு வேண்டிக்கிறியே, ஒருவேளை ஏதாவது ஆயிட்டா?"

அம்மா கோபப்படவில்லை. "காப்பாத்து ஆண்டவரேன்னு கேக்கறேன். காப்பாத்தலன்னா உன்ன விட்டுடுவேன்னு சொல்லலையே" என்றார். அப்புறம் அடுத்த நிலைக்கு ஏறிவிட்டார்.

பைபிளில் தானியேல் ஆகமத்தில் தீச்சூளைக்குள் போடப்பட்ட அந்த மூன்று இளைஞர்களும் அரசனிடம் இதைத்தானே சொன்னார்கள். எங்கள் கடவுளால் எங்களை விடுவிக்க முடியும், அவர் விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்று. தோமையாரும் அப்படித்தான். இயேசு பெத்தானியா ஊருக்குப் புறப்பட்டபோது, போனால் ஆபத்து என்று மற்ற சீடர்கள் தயங்க, நாமும் போவோம், அவரோடு சாவோம் என்றவர் அவர். இயேசு உயிர்த்ததைச் சந்தேகப்பட்டவர் என்றே அவரை நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த வார்த்தையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர் ஆண்டவரிடம் கேட்டது உயிருக்கு உத்தரவாதம் இல்லை, கூட இருக்க வேண்டும் என்பதுதான். ஆண்டவர் குகையிலும் கூட இருந்தார், ஈட்டி பாய்ந்தபோதும் கூட இருந்தார். கடவுளுடைய பராமரிப்பு என்பதை நான் இப்போது இப்படித்தான் நம்புகிறேன், முழு மனசோடு நம்புகிறேன்.

மேலே கோயில் சின்னதுதான். போர்ச்சுகீசியர்கள் 1523-இல் கட்டியது. பீடத்தில் கல்லில் செதுக்கிய பழைய சிலுவை இருக்கிறது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. 1547-இல் இங்கே தோண்டும்போது கிடைத்ததாம். தோமையாரே செதுக்கியது என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1558-ஆம் வருஷம் டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் அதில் இரத்தம் வடிந்ததாகவும் சொல்கிறார்கள். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இந்த மலைக்கு வந்து ஜெபித்திருக்கிறார்.

அம்மா சிலுவைக்கு முன்னால் முழங்கால் போட்டார், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. 121-ஆம் திருப்பாடலைச் சொன்னோம். மலையை நோக்கிக் கண்களை உயர்த்திப் பாடுகிற பயணிகளின் பாட்டு அது. நம்மைக் காக்கிறவர் கண்ணயர்வதும் இல்லை, உறங்குவதும் இல்லை என்கிற இடத்தில் அம்மாவின் குரல் உடைந்தது. இன்ஜின் ரூமில் நள்ளிரவு வாட்ச் பார்க்கும் பிள்ளையின் தாய்க்கு அந்த வரி எப்படிக் கேட்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பிக்காகச் சொல்லி முடித்ததும் அம்மா அந்த மூன்று மாலுமிகளின் வீட்டாருக்காகவும் ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஜெபம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

வெளியே வந்தால் காற்று அள்ளுகிறது. மீனம்பாக்கம் ஓடுபாதையில் விமானம் இறங்குவதை நின்று பார்க்கலாம். வெயில் ஏறினால் கல் கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள்.

இங்கே திருவிழா டிசம்பர் 18. மகன் பிறக்கக் காத்திருக்கும் மாதாவுக்கான விழா, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் வரும். அதற்குள் தம்பி கப்பலிலிருந்து இறங்குவானா என்று அவனுக்கே தெரியாது, கம்பெனி தேதியை இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, அவன் வந்தால் மூன்று பேராக ஏறுவோம், வராவிட்டால் நாம் இரண்டு பேரும் ஏறுவோம் என்று சொல்லிவிட்டார்.