கீழ்மலையில் ஹேமக் கட்டித் தூங்கலாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

காபித் தோட்டத்துக்குள் கூடாரம் அடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குச் சமதளம் கிடைப்பதே அங்கே பெரும்பாடு. எங்கு பார்த்தாலும் சரிவு, கல், வேர், நடுவில் காபிச் செடி. ஆனால் மரத்துக்குப் பஞ்சமே கிடையாது. காபிக்கு நிழல் வேண்டும் என்பதற்காகவே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை என்று தோட்டம் முழுக்க வளர்த்திருப்பார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹேமக், கொடைக்கானல் கீழ்மலைக்கு இவ்வளவு பொருந்துவது அதனால்தான். தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை, சரியான இடைவெளியில் இரண்டு மரம் இருந்தால் போதும்.

இந்த ஜனவரியில் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தேன். அவனுக்கு வெளியில் தூங்குவதே புதுசு. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக மலையேறும் பாதை. பட்டிவீரன்பட்டி தாண்டும்போதே காபி வாசனை வர ஆரம்பித்துவிடும். தங்கியது தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்தில், அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு. பழம் பறிக்கும் பருவம் என்பதால் களம் முழுக்கக் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது.

மரம் பார்க்கத் தோட்டத்து மேஸ்திரியும் கூட வந்தார். பையன் பையைத் திறந்து, ஹேமக்கை மரத்தில் கட்டும் நாடாப் பட்டையை எடுக்கப் போனதும் தடுத்துவிட்டார். "தம்பி, மொதல்ல மேல பாருங்க. அப்புறம் கட்டலாம்." இதைவிட நல்ல பாடம் நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. சில்வர் ஓக் நெடுநெடுவென்று வளரும், ஆனால் அதன் கிளை சட்டென முறியும். நிழலைக் குறைக்கக் கிளை கழிக்கும்போது வெட்டுப்பட்ட சில கிளைகள் கீழே விழாமல் உச்சியிலேயே சிக்கி நிற்கும். காற்று அடிக்கும் இரவில் அவை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு மரங்களை மட்டுமல்ல, படுக்கும் இடத்துக்கு நேர் மேலே நீண்டிருக்கும் பக்கத்து மரங்களையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். காய்ந்த கிளை தெரிந்தால் அந்த இடமே வேண்டாம். காய் பிடித்திருக்கும் பலா மரத்தடியும் தென்னை மரத்தடியும் அப்படித்தான்.

மேலே பார்த்தாயிற்று என்றால் அடுத்தது தண்டு. உயிருள்ள மரமாக இருக்க வேண்டும், குறுக்களவு குறைந்தது 15 சென்டிமீட்டராவது வேண்டும். கையால் தள்ளினால் ஆடக் கூடாது. இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூடு தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள், ராத்திரி அத்தனை எறும்பும் பட்டை வழியாகத்தான் இறங்கி வரும். கீழ்மலையில் இன்னொன்றும் உண்டு. பாதி மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடியின் மேல் பட்டையைச் சுற்றி இறுக்கினால் கொடி நசுங்கிவிடும். அது தோட்டக்காரரின் வருமானம். கொடி இல்லாத மரத்தைத் தேடி இன்னும் கொஞ்சம் நடப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. களத்துக்குப் பின்னால் அப்படி ஒரு ஜோடி கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே நடையில் 6 எட்டு, அதாவது ஏறத்தாழ 15 அடி. 12 முதல் 15 அடி வரை இருந்தால் வசதி.

பட்டை விஷயத்தில் நான் கறார். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும், உள்ளே இருக்கும் உயிருள்ள திசுவையும் நசுக்கும். போதாததற்கு நைலான் நனைந்தால் நீளும். ஆள் கனத்தில் இரவு முழுக்க இழுபட்டு, விடிவதற்குள் உங்கள் முதுகு தரையைத் தொட்டுவிடும். குறைந்தது ஓர் அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் பட்டையே சரி. பட்டையையும் ஹேமக்கையும் இணைக்கும் காராபினர் கொக்கியும் எடை தாங்கும் அளவு பொறித்ததாக இருக்கட்டும். சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கியை நம்பி யாரும் தூங்கக் கூடாது.

சரி, இப்போது கட்டுவது. "மாமா, இன்னும் இறுக்கி இழுக்கவா?" என்றுதான் பையன் கேட்டான். புதிதாகக் கட்டுகிற எல்லாருக்கும் கை தானாகவே அப்படித்தான் போகும். விறைப்பாகக் கட்டினால் கட்டில் மாதிரி தட்டையாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் தோள் இரண்டையும் துணி நடுவில் நெருக்கும், புரண்டு படுக்க முடியாது, கவிழவும் வாய்ப்பு அதிகம். தொய்வாகக் கட்டுவதுதான் முறை. பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். சுட்டுவிரலைக் கிடைமட்டமாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் வரும் சாய்வு போதுமான அளவு நெருக்கமாக இருக்கும்.

இதில் சுகம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. 80 கிலோ ஆள் படுக்கிறார் என்று வையுங்கள். 30 டிகிரியில் கட்டினால் ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் ஏறத்தாழ 80 கிலோ இழுவை. 10 டிகிரி என்றால் அது 230 கிலோ. கிட்டத்தட்ட நேராக, 5 டிகிரியில் கட்டினால் 450 கிலோவைத் தாண்டிவிடும். பட்டை, கொக்கி, மரம் எல்லாமே அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பழகிப் பார்க்கிறேன் என்று மொட்டை மாடியில் செங்கல் தூணிலும் கைப்பிடிச் சுவரிலும் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. செங்கல் கட்டுமானம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. தூண் சாய்ந்தால் படுத்திருப்பவர் மேல்தான் விழும். குழந்தைகள் ஏறி ஆடுவார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு மாந்தோப்போ தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரமோ போதும்.

உட்கார்ந்த பிறகு, நாற்காலி உயரத்தில், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ஏறவும் இறங்கவும் சுலபம். அதற்குமேல் உயரம் எதற்கு? விழுந்தாலும் அடிபடாத உயரமே நல்லது. ஏறும்போது துணியை முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்து, நடுவில் உட்கார்ந்து, அப்புறம் கால்களைத் தூக்குங்கள்.

பையன் ஏறி நேராகப் படுத்தான். கொஞ்ச நேரத்திலேயே, "முட்டி பின்பக்கமா மடங்குற மாதிரி இருக்கு மாமா" என்றான். தூளியில் குழந்தை படுப்பதுபோல நடுக்கோட்டில் படுத்தால் பெரியவர்கள் உடம்பு வளைந்துதான் கிடக்கும். தலையை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுக்கச் சொன்னேன். துணி விரிந்து முதுகு நேரானது அவனுக்கே தெரிந்தது. கால் பக்கத்துப் பட்டையை ஒரு சாண் உயர்த்தியதும், உடம்பு கால்பக்கமாக வழுக்கிப் போவதும் நின்றது. இப்படிக் குறுக்காகப் படுக்க ஹேமக்குக்கு நீளம் வேண்டும். 10 அடிக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், உயரமானவர்களுக்கு 11 அடி. இரு முனையிலும் கட்டை வைத்த வலை ஊஞ்சல் வகை ரிசார்ட் தோட்டத்துக்குப் பொருந்தும், இரவுத் தூக்கத்துக்கு உதவாது, கவிழ்த்துவிடும். தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அமைய, ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடலாம். அந்தக் கயிற்றின் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது அனுபவசாலிகள் கணக்கு, 11 அடிக்கு 9 அடிக்குச் சற்று மேலே வரும்.

இனி குளிர். முதல்முறை போகிறவர்கள் ஹேமக்கை வெறுத்துத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். தரையில் படுத்தால் அடியில் மண் இருக்கிறது. ஹேமக்கில் அடியிலும் காற்று. முதுகுக்கும் காற்றுக்கும் நடுவே ஒற்றை நைலான் துணி. நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கிறதே என்பார்கள். அதன் பஞ்சு உப்பியிருந்தால்தான் உள்ளே காற்றைப் பிடித்து வைத்துச் சூடு காக்கும். உடம்பின் அடியில் அது நசுங்கி விடுகிறது, எனவே மேலே வெதுவெதுப்பு, முதுகில் ஜில்லிப்பு. வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போனாலே இது உறைக்கத் தொடங்கும். 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் தாண்டிக்குடியில் ஜனவரி இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கென்றே அண்டர்குவில்ட் என்று ஒன்று விற்கிறது. ஹேமக்கின் அடியில் வெளிப்பக்கமாகத் தொங்கும் மெத்தை, உடம்பின் கனம் அதன்மேல் விழாது, அதனால் நசுங்காது. அருமையான பொருள், ஆனால் விலை அதிகம். ஆரம்பத்தில் அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பொருள்களைப் பொதிந்து வரும் வெள்ளை நுரைத்தாள் இருக்கிறதே, அதை 10 மில்லிமீட்டர் கனத்தில் சுருளாக வாங்கலாம். உடம்பு நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தோள் வரும் இடத்தில் குறுக்கே இன்னொரு துண்டை ஒட்டிவிடுங்கள். குறுக்காகப் படுக்கும்போது தோள்தான் பாயை விட்டு வெளியே போகும், குளிரும் அங்கேதான் முதலில் ஏறும். இரண்டு அடுக்குத் துணி வைத்த ஹேமக் என்றால் அடுக்குகளுக்கு நடுவே இதைச் செருகிவிடலாம், புரண்டாலும் நழுவாது. பையனுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். காலையில் எழுப்ப வேண்டியிருந்தது. கொசுவுக்கும் இதே பாய் ஒரு தடுப்பு. மேலே கொசுவலை இருந்தாலும், மெல்லிய துணி வழியாக அடியிலிருந்து கடிக்கக் கொசுவுக்குத் தெரியும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. கீழ்மலைக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் முதல் முயற்சி வேண்டாம். ஜனவரியிலும் பனி கொட்டும், ஆகவே தார்ப்பாய் கட்டாயம். ஹேமக்கைவிட இரு பக்கமும் ஒரு சாணாவது நீண்டிருக்கட்டும், காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஒரு சின்னக் கயிற்றுத் துண்டை ஹேமக் முனைக்குச் சற்று முன்னால் பட்டையில் முடிந்து தொங்கவிட மறக்காதீர்கள். மரத்தில் வழியும் தண்ணீர் பட்டையில் ஓடி வந்து அந்தக் கயிற்றில் இறங்கிச் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது.

விலங்குகளைப் பற்றி உள்ளூர்க்காரர் சொல்வதுதான் சட்டம். கீழ்மலையில் காட்டுமாடு சர்வசாதாரணம், யானையும் வரும். "இந்த வாரம் யானை நடமாட்டம் உண்டா, காட்டுமாடு எந்தத் தடத்தில் இறங்கும்" என்று கேட்காமல் பட்டையை எடுக்காதீர்கள். யானை என்று சொன்னால் பேசாமல் வீட்டுக்குள் படுங்கள். தோட்டத்து வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டுவது எப்போதும் நல்லது. தின்பண்டத்தை ஹேமக்கில் வைக்காதீர்கள், காட்டுப்பன்றியும் குரங்கும் தேடி வரும்.

காட்டுக்குள் போய்க் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம், சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தனியார் தோட்டம், உரிமையாளர் சம்மதம், இந்த இரண்டும் இருந்தால் மட்டும் போங்கள். தீ மூட்டாதீர்கள்.

கையில் காசு குறைவு என்றால் பட்டைக்கும் கொக்கிக்கும் முதலில் செலவழியுங்கள், அடுத்து முதுகுப் பாய்க்கு, பிறகு தார்ப்பாய்க்கு. துணி சாதாரணமானதாக இருந்தாலும் நன்றாகத் தூங்கலாம்.

பறிப்புக்கு ஆள் வருவதற்குள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள், நம் படுக்கை அவர்கள் வேலைக்கு இடைஞ்சலாகக் கூடாது. அவிழ்த்ததும் பட்டை இருந்த இடத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். மரத்தில் தழும்பு தெரிந்தால் அடுத்த தடவை இன்னும் அகலமான பட்டை வேண்டும் என்று அர்த்தம். பனியில் நனைந்த ஹேமக்கை ஊர் வந்ததும் நிழலில் கொடியில் போட்டுக் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் திணித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.