நகர ஸ்ரீ தர்மராஜத்தில் ஒரு அமாவாசை

அம்மாவுக்குத் திதி கொடுக்க அண்ணன் ராமேஸ்வரம் போயிருந்த அதே வாரம், நான் பாங்காக்கில் இரவு ரயில் ஏறி, தாய்லாந்தின் தெற்கே நக்கோன் சி தம்மராட்டில் வந்து இறங்கினேன். பெயரைப் பிரித்துப் பார்த்தால் ‘நகர ஸ்ரீ தர்மராஜ’. இன்னும் பழைய பெயர் தாம்பிரலிங்கம். 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களில் மெய்க்கீர்த்தி சொல்லும் ‘மாதமாலிங்கம்’ இதுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து.

என்னை அங்கே இழுத்துப் போனது திருவெம்பாவை.

ராஜதம்னோன் சாலையோரம் ஹோ பிரா இசுவன் என்றொரு சின்னக் கோயில். இசுவன் என்றால் ஈஸ்வரன். உள்ளே கல் லிங்கம். சாலைக்கு எதிர்ப்புறம் ஹோ பிரா நராய், அதாவது நாராயணர் சந்நிதி. ஈஸ்வரன் கோயிலை ஒட்டி இரண்டு நெடிய தூண்கள், உச்சியில் குறுக்குச் சட்டம். அது ஊஞ்சல். மார்கழியில் சிவபெருமான் பூமிக்கு இறங்கி வந்து பத்து நாள் தங்குவார் என்பது தாய்லாந்துப் பிராமணர்களின் நம்பிக்கை. அவரை வரவேற்கும் விழாவுக்குத் திரியம்பவாய் என்று பெயர்; அதில்தான் ஊஞ்சலாட்டம் நடந்தது. அடுத்து திருமாலுக்கு ஐந்து நாள், அதன் பெயர் திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் தாண்டி வந்ததில் சற்றே தேய்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தென்னிந்தியாவிலிருந்து வந்து இந்த நகரில் வேரூன்றிய பிராமணக் குடும்பங்கள்தான் பிறகு தாய்லாந்து அரசவைக்கும் போயின. பாங்காக்கில் ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. அங்குள்ள பிராமணர் கோயிலான தேவஸ்தானில் இன்றும் ஓதுகிறார்கள். ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது; கிரந்தச் சுவடியும் காதால் வாங்கிய பழக்கமுமாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். கயிலாயத்தின் கதவைத் திறக்கிற மந்திரம் அவர்களுக்கு அது. பொருள் தெரிந்த நாமே மார்கழியில் போர்வைக்குள் கிடக்கும்போது, பொருள் தெரியாமலே இத்தனை நூற்றாண்டு ஓதியவர்களை நினைத்தேன். லிங்கத்தின் முன் உட்கார்ந்து முதல் பாட்டை மெல்லச் சொன்னேன். ‘எம்பாவாய்’ என்று முடிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு.

மறுநாள் வாட் பிரா மஹாதாட் என்ற புத்தர் கோயில். மணி கவிழ்த்தது போன்ற இலங்கை வடிவத் தூபி, பொன் போர்த்த உச்சி, அடியைச் சுற்றி 22 யானைத் தலைகள். புத்தரின் பல் இங்கே இருப்பதாக ஐதிகம். கலிங்க நாட்டுத் தந்தபுரத்திலிருந்து இளவரசி ஹேமசாலாவும் இளவரசன் தந்தகுமாரனும் அதை எடுத்து வரும்போது, கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினார்களாம். தூபி மேடைக்கு ஏறும் படியில் காவலாக இரண்டு தெய்வங்கள். ஒருவர் பெயர் கட்டுகாம். கதிர்காமம் என்ற பெயரே இப்படி ஆயிற்று என்கிறார்கள். இலங்கையிலிருந்து பௌத்தம் வந்தபோது முருகனும் காவலுக்குக் கூடவே வந்துவிட்டான் போலும். படியடியில் நின்று ‘முருகா’ என்றேன்.

நான் போனது அவர்களின் பத்தாம் மாதத் தேய்பிறை. சாட் துவன் சிப் என்கிறார்கள். அந்தப் பதினைந்து நாளும் இறந்தவர்கள் பிள்ளைகளைத் தேடி வருவார்கள், அமாவாசையோடு திரும்பிவிடுவார்கள். நம் மஹாளய பட்சமேதான்! கோயில் முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் தட்டு ஏந்தி வருகிறார்கள். தட்டில் அரிசி, காய், பழம், அதோடு ஐந்து பலகாரம் கட்டாயம். கனோம் போங் மிதக்கிற பொரி. ஆற்றைக் கடக்கத் தெப்பம். கனோம் லா உடுத்தத் துணி. நகைக்கு ஒன்று, கைச்செலவுக் காசுக்கு ஒன்று, விளையாட ஒன்று. போகிறவர்களுக்கு விளையாட்டுச் சாமானும் கொடுத்தனுப்பும் மனசு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

லா சுடுவதைப் பார்த்தேன். கண் கண்ணாய்த் துளையிட்ட கொட்டாங்கச்சியில் அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, காய்ந்த சட்டியின் மேல் ஆட்டி ஆட்டிச் சுற்றுகிறார்கள். இடியாப்பத்தைவிட மெல்லிய இழை. பசித்த ஆவிகளின் வாய் ஊசித் துளை அளவாம். இழை அத்தனை மெல்லியதாக இருந்தால்தானே உள்ளே போகும்?

அமாவாசையன்று கோயில் வளாகத்தில் ஆவிகளுக்கென்று போட்டிருந்த மேடையில் படையல் வைத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று யாரையும் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற கை அண்ணனுடையது. நான் அடுக்களையில் நிற்பேன். இங்கேயும் ஒதுங்கித்தான் நின்றேன். தட்டோடு வந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை. கூட இருந்த பேத்தி, “யாருக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தாய் மொழியில் எனக்குத் தெரிந்த சில சொற்களில் ஒன்று அதற்குப் போதுமானதாக இருந்தது. “மே” என்றேன். அம்மா.

பெரியம்மா தன் தட்டிலிருந்து ஒரு லாவை எடுத்து, வாழையிலையில் மடித்து, என் இரண்டு கையிலும் வைத்து மேடையைக் காட்டினார். அம்மாவின் பெயரைச் சொல்லி வைத்தேன்.