பிடிக்க வராதா, பிடித்துப் பழகவில்லையா?

மகனுக்கு நாலரை வயதானபோது பாலர் பள்ளி ஆசிரியை, "ஓடியாடுவதில் கொஞ்சம் பின்தங்குகிறான், காட்டிப் பாருங்கள்" என்றார். பலதுறை மருந்தகம், பரிந்துரைக் கடிதம், காத்திருப்பு எல்லாம் இங்கே சிங்கப்பூரில் வழக்கம்போலத்தான். மருத்துவமனையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே வைத்த சோதனை மூவ்மென்ட் ஏபிசி-2; பிள்ளைகளின் கைகால் அசைவுத் திறனைப் பார்ப்பது. 2007இல் பிரிட்டனில் வெளிவந்தது. மூன்று வயதிலிருந்து பதினாறு வரை உள்ளவர்களுக்கு. அவன் வயதுக்கு, உண்டியலில் காசு போடுவது, மணி கோர்ப்பது, இரண்டு கோடுகளுக்கு நடுவே பேனாவால் கோடு இழுப்பது, சின்னத் துணிப்பையை வீசுவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது எனப் போகும். ஒவ்வொன்றையும் முதலில் செய்து காட்டிவிடுகிறார்கள். அதனால் ஆங்கிலம் குறைவாகப் பேசும் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது.

மணி கோர்ப்பதில் பையன் அசத்திவிட்டான். கயிற்று நுனியை உதட்டில் நனைத்து, திருகி, கூராக்கிவிட்டுத்தான் முதல் மணியைத் தொட்டான். தேக்கா சந்தையிலிருந்து பூ வாங்கி வந்தால் பாட்டியோடு உட்கார்ந்து கோர்க்கிறவன் ஆயிற்றே! துணிப்பை பறந்து வந்தபோதோ கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஒற்றைக்காலிலும் தள்ளாடினான்.

முடிவைப் போக்குவரத்து விளக்குபோல மூன்று நிறமாகச் சொல்கிறார்கள். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், கீழிருந்து ஐந்தாம் இடமோ அதற்குக் கீழோ சிவப்பு, பதினைந்துக்கு மேல் பச்சை. எங்களுக்கு வந்தது நடுவில் உள்ள மஞ்சள்.

"எந்த நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இந்த இடம்?" என்று கேட்டேன். தெரபிஸ்ட் நேர்மையாகப் பதில் சொன்னார்: "பிரிட்டிஷ் பிள்ளைகள்." அப்புறம் அவரே, "வீட்டில் பந்து விளையாடுவானா?" என்று கேட்டார். எங்கே விளையாடுவது? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகையே தொங்குகிறது. இந்தச் சோதனையின் முந்தைய பதிப்பை வைத்து ஹாங்காங் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கைவேலையில் ஹாங்காங் பிள்ளைகளும் எறிவது பிடிப்பதில் அமெரிக்கப் பிள்ளைகளும் முன்னால் இருந்ததாக அவர் சொன்னார். வளரும் இடம் கையில் காலில் தெரியத்தான் செய்கிறது.

ஆனால் சோதனையே நமக்குப் பொருந்தாது என்று எழுந்து வந்துவிடுவது சரியில்லை என்பதே என் கருத்து. பழக்கமில்லாமை எது, உண்மையான சிரமம் எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம். அவன் பூ கோர்ப்பதையும் மாவு உருட்டுவதையும் பந்து தொடாததையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன், எழுதினார். போவதற்கு முன்பே இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து எடுத்துப் போனால் நல்லது. அங்கே உட்கார்ந்தபின் பாதி மறந்துவிடும்.

பாட்டி அரிசி போட்டு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார். சாயங்காலம் பக்கத்துப் பூங்காவில் அப்பாவும் மகனும் அதை வீசிப் பிடித்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது, பிடிப்பது நன்றாகவே வந்துவிட்டது. ஒற்றைக்காலில் நிற்பது மட்டும் தேறவில்லை. சிரமம் அங்கேதான் என்று தெரிந்ததால், இப்போது சிகிச்சை முழுக்கச் சமநிலைக்குத்தான் நடக்கிறது.